6 பவுண்டுக்குள் ஒரு ஃப்ளின்ட்லாக் வேட்டைத் துப்பாக்கி: எடையை எங்கே குறைப்பது?

மலைச்சரிவு:

வணக்கம். பென்சில்வேனியாவின் செங்குத்தான காடுகளில் நாள் முழுக்கக் கையில் வைத்து நடக்கத் தோதான, வாய்வழியே மருந்து நிரப்பி, தீக்கல் பொறியால் வெடிக்கும் ஃப்ளின்ட்லாக் ஒன்றைத் திட்டமிடுகிறேன். புரியில்லாத வழவழப்பான துளை, 20 கேஜ் (துளையின் அளவு). ரவை போட்டு அணிலும் கிரவுஸ் என்ற காட்டுப் பறவையும், ஒற்றை உருண்டை போட்டு கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் ஃப்ளின்ட்லாக் சீசனில் மானும் என்பது எண்ணம். மொத்த எடை 6 பவுண்டைத் தாண்டக் கூடாது.

பேரலையும் லாக்கையும் (தீக்கல்லை அடித்துப் பொறி கிளப்பும் அமைப்பு) விலைக்கு வாங்குவேன். பேரலின் பின்பக்கத் திருகு, தீத்துளை இரண்டையும் பேரல் செய்கிறவரே போட்டுத் தருவார். கட்டை செதுக்குவது, உலோகச் சாமான்களைப் பதிப்பது, மெருகேற்றுவது மட்டும் என் வேலை. மேசை நாற்காலி அளவுக்கு மரவேலை வரும்; துப்பாக்கிக் கட்டை புதிது.

எடையில் பெரும்பங்கு எங்கே இருக்கிறது? பேரலைக் குட்டையாக வாங்கினால் போதுமா? பாதி செதுக்கி விற்கிற கட்டையை வாங்குவதா, பலகையிலிருந்து தொடங்குவதா? பழைய மாதிரிகளில் எதைப் பின்பற்றலாம்? முழுநீளக் கட்டைதான் வேண்டும், அதில் மாற்றமில்லை.

தச்சுப்பட்டறை:

பேரலின் நீளத்தைக் குறைத்து எடையைக் குறைக்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 20 கேஜ் துளை 0.615 அங்குலம். குழல்வாய்ப் பக்கம் வெளிவிட்டம் 0.735 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஓர் அங்குல நீள எஃகு அரை அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேல்தான். 6 அங்குலம் குறைத்தாலும் மூன்றரை அவுன்ஸ். பின்பக்கம் போங்கள்: பட்டைக்குப் பட்டை 1⅛ அங்குலம் உள்ள எண்பட்டைப் பகுதியில் ஓர் அங்குல நீளமே ஏறத்தாழ 3.4 அவுன்ஸ். முன்னால் ஆறு அங்குலமும் பின்னால் ஓர் அங்குலமும் ஒரே எடை. அதனால் நீளத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட, பின்பக்கம் எவ்வளவு தடிமன், எண்பட்டை எத்தனை அங்குலம் ஓடுகிறது, அங்கிருந்து எவ்வளவு சீக்கிரம் மெலிகிறது என்பதைப் பாருங்கள்.

38 அங்குல நீளத்தில் இரண்டு வடிவங்களை ஒப்பிடலாம். முதலாவது பின்னால் 1⅛ அங்குலத்தில் தொடங்கி, 10 அங்குலம் எண்பட்டையாக வந்து, மெதுவாக மெலிவது. இரண்டாவது 1 அங்குலத்தில் தொடங்கி, அதே 10 அங்குலத்தில் 0.87-க்கு வந்து, உருளைப் பகுதியில் விரைவாக மெலிந்து 0.735-இல் முடிவது. முதலாவது சுமார் 3¾ பவுண்டு, இரண்டாவது சுமார் 2¾. நீளமும் துளையும் ஒன்றே, எடையில் ஒரு முழுப் பவுண்டு வித்தியாசம். கட்டையில் எவ்வளவு சுரண்டினாலும் இந்த ஒரு பவுண்டை மீட்க முடியாது.

இந்த அளவுகள் கணக்குக் காட்ட மட்டுமே. எந்தத் துளைக்கு எந்தச் சுவர்த் தடிமன் பாதுகாப்பு என்பதைப் பேரல் செய்கிறவர்தான் சொல்ல வேண்டும். அவருடைய பட்டியலில் உங்கள் துளைக்கு இருக்கிற மிக மெல்லிய வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கனமான பேரலை வாங்கி வந்து வீட்டில் கடைசல் பிடிக்கவோ அரத்தால் தேய்க்கவோ வேண்டாம். துளை எப்போதும் வெளிப்பரப்புக்கு நேர் மையத்தில் ஓடுவதில்லை. நடுவில் ஒரு பக்கம் சுவர் ஏற்கெனவே மெல்லியதாக இருந்தால், நீங்கள் தேய்ப்பதும் அதே பக்கத்தில் போய்ச் சேரும். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இன்னொரு வழி, அதே வெளிவடிவத்தில் 16 கேஜ். துளை 0.662 ஆகும்போது உள்ளிருந்து எஃகு போகிறது. 42 அங்குலப் பேரலில் இது அரைப் பவுண்டுக்கு மேல். ஆனால் செய்கிறவர் அந்த வடிவத்தை 16-க்கென்றே விற்றால் மட்டும்தான். மேலும் துளை பெரிதானால் அதிக ரவை போட ஆசை வரும், அப்போது எடை குறைத்த பயன் போய்விடும்.

இனி மொத்தக் கணக்கு. இரண்டாவது வடிவப் பேரல், திருகும் வாலும் (திருகிலிருந்து பின்னோக்கி நீளும் பட்டை) சேர்த்து 46 அவுன்ஸ். நடுத்தர அளவு லாக் 12 அவுன்ஸுக்குப் பக்கம். கட்டை 26. பட் பிளேட் (தோளில் பதியும் பின்முனையின் தகடு), டிரிக்கர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்), ரேம்ராட் எனும் இடிகோல் செல்லும் குழாய்கள், பக்கத் தகடு எல்லாம் 7. ரேம்ராட், டிரிக்கர், திருகுகள் 3. ஆக 94 அவுன்ஸ், அதாவது 5 பவுண்டு 14 அவுன்ஸ். இடைவெளி 2 அவுன்ஸ்தான். வார்ப்புப் பித்தளை பட் பிளேட்டை உட்புறம் தேய்க்காமல் அப்படியே வைத்தாலே அந்த 2 அவுன்ஸ் போய்விடும். ஆகவே ஒவ்வொரு சாமானும் வந்ததும் சமையலறைத் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்த பிறகு நிறுத்துப் பார்த்து வருந்துவதில் பயனில்லை.

பாதி செதுக்கிய கட்டை உங்களுக்குச் சரிவராது. எந்தப் பேரலும் எந்த லாக்கும் உட்காரட்டும் என்று லாக்கைச் சுற்றியும் முன்கட்டையிலும் மரத்தை அதிகம் விட்டிருப்பார்கள். அதை எடுத்துவிடலாம். ஆனால் பேரல் பள்ளமும் ரேம்ராட் துளையும் முன்பே போட்டிருப்பதால், இரண்டுக்கும் இடையிலான சுவர் எவ்வளவு என்பது உங்கள் கையில் இல்லை. அது தடித்திருந்தால் துப்பாக்கியின் வயிறு தொங்கும், கடைசிவரை அதைச் சரிசெய்ய முடியாது.

வடகரை:

தச்சுப்பட்டறை அண்ணை பேரல் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் பழைய மாதிரிகளையும் மரத்தையும் பற்றி எழுதுகிறேன். கனடாவில் இருந்து எழுதுவதால் பிரெஞ்சுத் துவக்குகளின் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த இழை வட அமெரிக்காவில் சட்டப்படி செய்கிறவர்களுக்கானது. அமெரிக்காவில் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த வகையைப் பழம்பொருள் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, வேட்டைச் சீசனின் விதி இன்னும் வேறு. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கும் இடமில்லை. இலங்கையிலும் உரிமமில்லாத இடியன் (நாட்டுத் துவக்கு) வைத்திருந்தால் சிறை. ஊரில் இருந்து வாசிக்கிற தம்பிமார் இதை வாசிப்போடு நிறுத்திக்கொள்ள வேணும்.

மாதிரிக்கு வருவோம். பிரான்சின் டுல் நகரத்தில் கடற்படை ஒப்பந்தத்தில் செய்து நியூ பிரான்சுக்கு (வட அமெரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றம்) அனுப்பிய வேட்டைத் துவக்கு எல்லோர் கண்ணுக்கும் அழகாகப் படும். 1729, 1734 ஒப்பந்தங்கள் அதற்கு உண்டு. வால்நட் கட்டை, இரும்புச் சாமான், மிக நீளமான மெல்லிய பேரல், பசுவின் கால் போல வளைந்த பட். தூக்குவதற்கு இலேசுதான். ஆனால் அந்த வளைந்த பட்டில் கன்னம் பதியும் மேடு முன்னால் உயர்ந்து பின்னால் தாழும். வெடிக்கும்போது துவக்கு பின்னால் வருகையில் அந்த மேடு கன்ன எலும்பில் ஏறி அடிக்கும். 7 பவுண்டில் பொறுக்கலாம். 6-க்குள் என்றால், சுட நினைத்த உடனேயே கண் மூடிக்கொள்ளும்.

அதே காலத்துப் பிரெஞ்சு வணிகத் துவக்குகளில் நுட்ப வேலைப்பாடு உள்ளவை வேறு. பட் நேராக இருக்கும், முன்கட்டை ஒல்லி, லாக் சிறியது. உங்களுக்கு இதைத்தான் சொல்வேன். மற்றொன்று வடமேற்கு வணிகத் துவக்கு. ஹட்சன் பே கம்பனியும் அதன் போட்டியாளர்களும் மென்மயிர்த் தோலுக்கு மாற்றாகக் கொடுத்தது. 24 கேஜ், பாம்பு வடிவப் பக்கத் தகடு, கையுறையோடு விரல் நுழைகிற பெரிய டிரிக்கர் வளையம். பட் பிளேட் வார்ப்பல்ல, தட்டையான பித்தளைத் தகடு. மரத்தில் அலங்காரத்துக்கென்று ஒரு துளி மிச்சம் கிடையாது. இலேசாகச் செய்ய விரும்புகிறவர் ஒருமுறையாவது அசல் ஒன்றை அருங்காட்சியகத்தில் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேணும். லாக்குக்கு எதிர்ப்பக்கத்தில் மரம் எவ்வளவு குறைவு என்பது படத்தில் தெரியாது.

மரம். கடினமான சர்க்கரை மேப்பிள் ஒரு கன மீட்டர் 700 கிலோ அளவில் வரும். சிவப்பு மேப்பிளும் கருவால்நட்டும் 610-ஐ ஒட்டி. செர்ரி 560. ஒரே வடிவக் கட்டை சர்க்கரை மேப்பிளில் 2 பவுண்டு என்றால் செர்ரியில் 1.6. அதாவது 6 அவுன்ஸ், ஒரு செலவும் இல்லாமல். நியூ இங்கிலாந்தில் பழைய பறவைத் துவக்குகளுக்குச் செர்ரி போட்டிருக்கிறார்கள், ஆகவே அது சரித்திரத்துக்கும் ஒத்துவரும். பிரெஞ்சு மாதிரி என்றால் வால்நட் போடுங்கோ. சுருள் ரேகை மேப்பிள் பார்க்க அருமை, ஆனால் ஒல்லியான முன்கட்டையில் அந்தச் சுருளுக்கு வலு குறைவு.

கழுத்துப் பகுதியில் (பட்டுக்கு முன் கை பற்றும் ஒல்லியான இடம்) மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பலகை வாங்கும்போது கழுத்து வரப்போகிற இடத்தில் ரேகை கழுத்தின் திசையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கோ. குறுக்கே வெளியேறினால் விழுந்த முதல் நாளே அங்கே பிளக்கும். பட்டில் ரேகை எப்படிப் போனாலும் பரவாயில்லை.

மலைச்சரிவு:

இருவருக்கும் நன்றி. செர்ரியில், நேரான பட் உள்ள பிரெஞ்சு வடிவம் என்று முடிவு. பேரல் செய்கிறவரிடம் மெல்லிய வடிவம் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு. 6 பவுண்டுக்குள் உதை எப்படி இருக்கும்? பேரலைக் கட்டையோடு பிடிக்கும் லக்குகளை எப்படிப் பொருத்துவது, சுவர் மெல்லியதாயிற்றே? கட்டை வேலையில் வழக்கமாக எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை:

உதை முதலில், அதுதான் எடையின் கீழ் எல்லை. ஓர் அவுன்ஸ் ரவை, 65 கிரெயின் (சிறு எடை அளவு) கருமருந்து, வினாடிக்கு 1050 அடி வேகம் என்று வைத்தால், 7 பவுண்டு துப்பாக்கியில் உதை தோராயமாக 17 அடி-பவுண்டு. 5½ பவுண்டில் அதே மருந்துக்கு 21-க்கு மேல். இப்போது ரவையை ⅞ அவுன்ஸாகவும் மருந்தை 55 கிரெயினாகவும் குறைத்துப் பாருங்கள். 5½ பவுண்டிலும் 16 அளவுக்கு இறங்கிவிடும். ஆக இலேசான துப்பாக்கி என்றால் இலேசான மருந்து, இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அணிலுக்கும் கிரவுஸுக்கும் ⅞ அவுன்ஸ் தாராளம். மேல்வரம்பு பேரல் செய்கிறவர் தருகிற எண், அதைத் தாண்ட வேண்டாம். கருமருந்து தவிர வேறு எதையும், குறிப்பாகப் புகையற்ற மருந்தை, ஒரு சிட்டிகைகூட இதில் போடக் கூடாது.

பட்டின் அகலமும் உதையில் சேரும். 1⅞ அங்குல அகலம், 4¾ அங்குல உயரம், கொஞ்சம் தட்டையான பட் பிளேட் எடையைக் கூட்டாமல் உதையைப் பரப்பும். ஒல்லியான, ஆழமாகக் குழிந்த பட் கண்ணுக்கு நேர்த்தி, தோளுக்கு அல்ல.

லக். தடித்த ரைஃபிள் பேரலில் அடிப்பக்கம் பள்ளம் வெட்டிச் செருகுவார்கள். இங்கே அது கூடாது. உருளைப் பகுதியில் சுவர் 0.06 முதல் 0.09 அங்குலம்தான். 0.03 ஆழம் வெட்டினாலே பாதியைத் தொட்டுவிடுகிறீர்கள். தாழ்ந்த சூட்டில் உருகும் சால்டரில் மெல்லிய தகட்டு லக்கைப் பற்றவையுங்கள். பேரல் செய்கிறவரிடமே சொல்லிப் போட்டு வாங்குவது இன்னும் நல்லது. முன் குறிமணிக்கும் அதே முறை.

அந்த லக்குகளில் பின் (குறுக்கு ஊசி) நுழைகிற துளையை நீளவாக்கில் நீட்டிவிடுங்கள், பின்னின் இருபுறமும் 1/16 அங்குலம் இடம் இருக்கட்டும். ஈரத்தில் மரம் ஊதும், சூட்டில் எஃகு நீளும். துளை இறுக்கமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மெல்லிய பேரல்தான் விட்டுக்கொடுக்கும், வில்லாக வளையும். அக்டோபரில் நேராகச் சுட்டது ஜனவரியில் பக்கவாட்டில் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முழுநீளக் கட்டை விரும்புகிறீர்கள், ஆகவே இதில் தனிக்கவனம் தேவை.

வேலை வரிசை: பேரல், அதன் வால், ரேம்ராட் துளை, லாக், டிரிக்கர், பட் பிளேட், கார்டு. பேரலைப் பதிக்கும்போது பின்பக்க எண்பட்டையில் தொடங்கி முன்னே வாருங்கள். பேரலின் அடியில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, பள்ளத்தில் வைத்து, மரச்சுத்தியால் ஒரு தட்டு. கறுப்பு பட்ட இடத்தை மட்டும் எடுங்கள். அடிப்பக்கம் முழுக்க ஒட்டிக்கொள்ள வேண்டுமென்று பிடிவாதம் வேண்டாம். பின்பக்கம் நான்கு அங்குலமும் வால் தொடங்கும் இடத்தில் பேரலின் பின்முனையிலுள்ள தோளும் கச்சிதமாக இருந்தால் போதும். அந்தத் தோள்தான் உதையைக் கட்டைக்குக் கடத்துகிறது. வாலின் பின் நுனியில் மட்டும் ஒரு தாள் அளவு இடைவெளி விட்டுவிடுங்கள். நுனி மரத்தில் முட்டினால், சுடச்சுட வாலே ஆப்பாகிக் கழுத்தைப் பிளக்கும். பிளந்த கழுத்துகளில் பாதிக்கு மேல் இந்த ஓரிடத்தில் ஆரம்பித்தவை என்றே சொல்வேன்.

ரேம்ராட் துளை. இதில்தான் கட்டைகள் வீணாகின்றன. 5/16 அங்குலத் துளை, நீண்ட துரப்பணம். அது ரேகையைப் பிடித்துக்கொண்டு மேலே பேரல் பள்ளத்துக்குள் ஏறும், அல்லது கீழே வயிற்றைக் கிழித்து வெளியே வரும். முன்பக்கப் பள்ளத்தைத் துல்லியமாகத் தோண்டி, துரப்பணத்தை அதில் படுக்கவைத்து, மேலே மரக்கட்டைகளால் கவ்விப் பிடித்து ஓட்டுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளை உதறுங்கள். தூள் அடைத்தால் திசை மாறும். இடைச்சுவர் முன்னால் ⅛ அங்குலம், லாக்கின் கீழே 3/16. பின்னால் ஏன் அதிகம்? லாக்கின் முன் திருகாணி பேரலுக்கும் ரேம்ராடுக்கும் நடுவே குறுக்கே போகிறது. அந்தத் திருகாணியே 0.164 அங்குலம், ⅛ சுவரில் அது நுழையாது. இதை மறந்து எல்லா இடமும் ⅛ வைத்தவர்கள் கடைசியில் ரேம்ராடைக் குட்டையாக்கி ஒப்பேற்றுகிறார்கள்.

லாக் பதிந்ததும் அதைச் சுற்றி மரம் ⅛ அங்குலத்துக்கு மேல் தெரியக் கூடாது. புதியவர்கள் இங்கே பயந்து கால் அங்குலம் விடுவார்கள். கை பிடிக்கிற இடத்தில் துப்பாக்கி தடித்துத் தெரிவதும், எடை ஏறுவதும் அதனால்தான். பேரலின் இருபுற விளிம்பும் முன்கட்டையில் 3/32 அங்குலம், அதற்குக் கீழே போனால் பையில் உரசும்போதே சில்லு தெறிக்கும்.

வடகரை:

அளவு பொருத்துவது பற்றி ஒருவரும் சொல்லவில்லை. புரியில்லாத துவக்கில் பின் குறி இல்லை, சுடுகிறவரின் கண்தான் பின் குறி. கன்ன மேடு ⅛ அங்குலம் உயர்ந்தால், 25 யாரில் (யார்டில்) குறி எவ்வளவு மேலே போகும் என்று பாருங்கோ: கண்ணிலிருந்து முன் குறிமணி வரை ஏறக்குறைய 46 அங்குலம், தூரம் 900 அங்குலம். கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம். ரவைக்கு அது பெரிசில்லை, மானுக்குப் போடும் ஒற்றை உருண்டைக்கு 50 யாரில் 5 அங்குலம் ஆகிவிடும்.

அதனால் கன்ன மேட்டைக் கடைசிவரை முடிக்காதையுங்கோ. பேரலும் லாக்கும் பதிந்து சுடத்தக்க நிலை வந்ததும், மேட்டில் 3/16 அங்குலம் மிச்சம் வைத்து, துவக்கு சுடும் இடத்துக்குக் கொண்டுபோய்த் தாளில் சுட்டுப் பாருங்கோ. மேலே போனால் மேட்டைச் சீவுங்கோ, சரியானதும் நிறுத்துங்கோ. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. வலக்கைக்காரருக்குப் பட் ⅛ முதல் 3/16 அங்குலம் வலப்புறம் சாய்ந்திருந்தால் கழுத்தைத் திருப்பாமல் கண் பேரலின் மேல் வந்து உட்காரும். டிரிக்கரில் இருந்து பட் வரை நீளத்தைக் குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அளக்க வேணும். சட்டையோடு 14 அங்குலம் சரியாக இருப்பவருக்கு ஜாக்கெட்டோடு 13½ தான். இல்லையெண்டால் தோளுக்கு ஏற்றும்போது பட் அக்குளில் சிக்கும், கிரவுஸ் அதற்குள் போய்விடும்.

ரவையின் பரவல். சோக் (குழல்வாய் ஒடுக்கம்) இல்லாத நேர்த்துளை, 20 முதல் 25 யார் வரைதான் நம்பலாம். மருந்தும் ரவையும் ஒரே கொள்ளளவு என்பது பழைய தொடக்க அளவு, அங்கிருந்து மருந்தைக் குறைத்துப் பாருங்கோ. மருந்து கூடினால் பரவல் நடுவில் ஓட்டையாகும். பரவலைக் கெடுக்கிற மற்றொன்று தடித்த நார் மெத்தை வாட் (மருந்துக்கும் ரவைக்கும் இடையில் வைக்கும் அடைப்பு). அரை அங்குலத் தடிமனும் எண்ணெய் ஊறிய எடையும் சேர்ந்து, ரவையின் முதுகில் மோதி நடுவைத் துளைத்துக்கொண்டு போகும். அதைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து பாதியை மட்டும் போடுங்கோ, அல்லது மருந்துக்கு மேல் ⅛ அங்குலக் கடின அட்டை, பிறகு மெல்லிய அட்டை இரண்டு, ரவை, மேலே ஒரு மெல்லிய அட்டை. பெரும்பாலான பேரல்களில் இது போதும்.

உருண்டைக்கு 0.600, ஈயம் சுத்தமாக இருக்க வேணும். எடை 325 கிரெயின் வரும். 0.010 முதல் 0.015 அங்குலப் பருத்தித் துணியில் சுற்றி. பெருவிரலால் தள்ளினால் உள்ளே போகிற இறுக்கம் போதும். இலேசான துவக்கில் இந்த உருண்டையின் உதை ரவையை விடக் குறைவு, பயப்பட வேண்டாம். காட்டு வாத்துக்கு இதை எடுத்துப் போகிற யோசனை இருந்தால், அமெரிக்கா முழுவதும் 1991 முதல் நீர்ப்பறவைக்கு ஈய ரவை தடை. எஃகு ரவை மென்மையான பேரல் எஃகைக் கீறும், பிஸ்மத் வாங்குங்கோ.

மலைச்சரிவு:

கன்ன மேட்டைச் சுட்டுப் பார்த்துச் சீவலாம் என்றீர்கள். அப்போது மரம் பச்சையாக, எண்ணெய் ஏறாமல் இருக்குமே? மருந்துக் கறை ஊறிவிடாதா? மெருகுக்கு என்ன போடுவது?

தச்சுப்பட்டறை:

ஊறும். தீத்துளையைச் சுற்றியும் வாலைச் சுற்றியும் நன்றாகவே ஊறும், செர்ரியில் அந்தக் கறுப்பு போகாது. சுடப் போகும் முன் பேரல் பள்ளம், லாக் பள்ளம், ரேம்ராட் துளை உட்பட எல்லா உட்புறத்துக்கும் ஒரு கை வார்னிஷ் கொடுத்துக் காயவிடுங்கள். வெளியே லாக்கைச் சுற்றி மட்டும் ஷெல்லாக் இரண்டு பூச்சு. பிறகு வெளிப்புறத்தைச் சீவும்போது ஷெல்லாக் அதோடு போய்விடும், உட்புற வார்னிஷ் அப்படியே இருக்கும். உட்புறம் பூசாமல் வெளியே மட்டும் பளபளப்பாக்கியவர்களின் கட்டைதான் மழை நாளில் ஊதிக் கோணுகிறது.

செர்ரிக்குச் சாயம் எதுவும் வேண்டாம். வெயிலில் ஒரு வாரம் வைத்தால் தானே சிவக்கும். திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் நிறம் இரண்டாகிவிடும். அதன் மேல் ஆளி விதை எண்ணெய் கலந்த வார்னிஷ், துணியால் மெல்லியதாக, ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. பச்சை ஆளி விதை எண்ணெய் மட்டும் போட்டால் ஈரத்தைத் தடுக்காது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், பட்டறையில் கருமருந்து இருக்கக் கூடிய இடத்திலிருந்து தள்ளி.

பேரல் வந்ததும் முதல் வேலையாக எடையையும், பின்னால் நடுவில் முன்னால் என்று மூன்று இடத்து வெளிவிட்டத்தையும் இங்கே போடுங்கள். கட்டை வரைபடத்தை அதை வைத்து இழுக்கலாம். அதற்கு முன் பலகையில் கோடு போட வேண்டாம்.